கடுங்காப்பியும் கட்டைவிரலும்

லிங்கராஜ் லாரி டிரைவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றி வடக்கே கொண்டுபோய் இறக்குவான். திரும்பும்போது வெங்காயமோ பூண்டோ, எது கிடைக்கிறதோ அதோடு வருவான். எனக்கு லாரி ஸ்பிரிங்குக்கு வில்லுப்பட்டை அடிக்கிற பட்டறை. பட்டறைக்கு அடுத்த மனையில்தான் அவன் வீடு. அவன் வண்டியையும் தெரியும், அவனையும் தெரியும். இரண்டும் ஒரே ரகம். பாரம் கூடக்கூட வாயைத் திறக்காது. ஒருநாள் பட்டென்று முறியும்.

பசுவந்தனைக்காரன். அப்பாவுக்குக் கரிசல் காடு கொஞ்சம் இருந்தது. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும். பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. வெடிப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், மீசை முளைக்காத வயதில் ஒரு லாரியில் கிளீனராக ஏறினான். ஏறினவன் இறங்கவில்லை. டிரைவர் ஆனான், செல்வமாரியைக் கட்டினான், வீடு கட்டினான். ஒரே மகள் சத்யபிரியாவைக் காலேஜ் படிக்க வைத்தான். அவள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். இவ்வளவும் இடது காலால் கிளட்ச் மிதித்து வந்த சம்பாத்தியம். அந்த இடது காலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

டிரைவர்மாரில் சாராயம் குடிக்கிறவன் உண்டு, பாக்குப் போடுகிறவன் உண்டு. லிங்கராஜுக்குக் காப்பி. ஒரு நடைக்குப் போய்வந்தால் எத்தனை காப்பி குடித்தான் என்று அவனுக்கே தெரியாது. எந்த ஊரில் எந்தக் கடையில் எவன் நன்றாக ஆற்றுவான் என்பதை வைத்துத்தான் அவனுக்கு ரோடே ஞாபகம். சுகர் வந்திருக்கிறது, இனிப்பை விடு என்று டாக்டர் சொன்னபோது, விட்டான். உண்மையிலேயே சீனியை விட்டான். விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினான்.

இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் பக்கத்தில் கருப்பட்டி என்றால் மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, சளி பிடித்தவனுக்குக் கருப்பட்டி, பெரிய மனுஷி ஆன பெண்ணுக்கு உளுந்தங்களியில் கருப்பட்டி. அது சீனிக்குச் சொந்தக்காரன் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை. 'கருப்பட்டி சுகருக்கு நல்லதுல்லா' என்று ஊரே சொல்லும். நல்லது என்பதால் அவன் முன்னைவிடக் கூடவே குடித்தான்.

ஒருநாள் லோடு இறக்கிவிட்டு வந்தவன், பின்பக்க வில்லில் ஒரு பட்டை முறிந்துவிட்டது என்று வண்டியைப் பட்டறையில் விட்டான். வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்த நான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச்சில் கால் வைத்தால் வழுக்குகிறது.

"ஏலே லிங்கராசு, கிளட்ச்சுல ஆயில் ஒழுகுதா?"

"ஆயிலா? அங்கன ஏது ஆயிலு அண்ணாச்சி?"

கையால் தொட்டுப் பார்த்தேன். ஆயில் இல்லை, ரத்தம். அவன் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது கட்டைவிரலுக்கு அடியில் புளியங்கொட்டை அகலத்துக்குக் குழி. செருப்பின் ஆணி ஒன்று மேலே வந்து குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை.

"வலிக்கலையால?"

"வலிச்சா மிதிப்பனா?" என்றான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, முகத்தில் சிரிப்பே இல்லை. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினார். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். காலைக் கீழே ஊன்றாமல் இருக்கச் சொன்னார். பிறகு, "மறுபடி வாறப்ப இது மூடற வழியில இல்லைன்னா விரலை எடுத்துருவோம்" என்றார்.

"விரலு போனா கிளட்ச் மிதிக்க முடியுமாம்மா?"

"விரலோட நின்னா நீங்க அதிர்ஷ்டக்காரர். என்ன இனிப்பு சாப்பிடுதீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சீனியைத் தொட்டு வருஷமாச்சு. காப்பிக்குக்கூடக் கருப்பட்டிதான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "கருப்பட்டியும் சீனிதான் அண்ணே."

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அம்புட்டும் சீனியா அண்ணாச்சி?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

செல்வமாரி காப்பியையே வீட்டைவிட்டு ஒழித்தாள். தூள் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவனும் சரி என்றுதான் இருந்தான். ஆனால் காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். ஒரு வாரம் தாங்கியிருப்பான். பிறகு நொண்டிக்கொண்டே தெரு முக்குக் கடைக்குப் போய், கருப்பட்டிக் காப்பி ஒன்று குடித்தான். அப்படியே இன்னொன்று, அதற்கு மேலும் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் செல்வமாரி பிடித்துவிட்டாள்.

"வாயைத் தெறங்க. ம்... கருப்பட்டி மணக்கு. விரலு வேண்டாம்னா சொல்லிருங்க, நானே அருவாமனையில வச்சு நறுக்கித் தாரேன். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையணும்?"

நான் பட்டறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவு சத்தம். எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்; லிங்கராஜ் சத்தம் போடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான்:

"காப்பியை விட என்னால ஆகாது. விட்டா கடைக்கு ஓடுதேன். ஓடுனா ஒண்ணோட நிக்க மாட்டேன். அதனால காப்பி வீட்லயே வேணும். பால் இல்லாம, இனிப்பு இல்லாம. அது நல்லாவும் இருக்கணும். நல்லா இல்லைன்னா மறுபடி கடைக்குத்தான் ஓடுவேன்."

கேட்டால் பைத்தியக்காரப் பேச்சு மாதிரி இருக்கும். யோசித்தால் அதைவிடத் தெளிவாக ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்த வாரக் கடைசியில் சத்யபிரியா அப்பாவைப் பார்க்க வந்தாள். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி. மூடியில் ஒரு கம்பி, கம்பியின் முனையில் வட்டமாக ஒரு சல்லடைத் தகடு. ஆபீசில் யாருக்கோ பரிசாக வந்து, வேண்டாம் என்று இவளிடம் கொடுத்ததாம்.

"பிரெஞ்சு பிரஸ்ப்பா. தூளைப் போட்டு வெந்நி ஊத்தி ஊற வைக்கணும். அப்புறம் இதை அமுக்குனா தூளு அடியில போயிரும், காப்பி மேல நிக்கும். இதுல போட்டா பாலும் சீனியும் தேட மாட்டீங்க."

"ஏட்டி, பம்பு மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பம்புதான்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் முதல் தடவை போட்டான். வழக்கமான பில்டர் தூள், சிக்கரி கலந்தது, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி நைஸ். வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, கம்பியை அமுக்கினான். இறங்கவில்லை. லாரி டிரைவர் இல்லையா? இறங்காத எதையும் பலம் கொடுத்து இறக்கித்தான் பழக்கம். எழுந்து நின்று உள்ளங்கையை வைத்து ஜாக்கி அமுக்குகிற மாதிரி அமுக்கினான். தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காப்பி ஓரத்தில் பீய்ச்சியடித்துச் சுவர், காலண்டர், பனியன் எல்லாவற்றிலும் விழுந்தது. நல்லவேளை, மேலே பட்டது கொஞ்சம்தான்.

"பெயின்ட் அடிச்சு ஈரம்கூடக் காயலை" என்றாள் செல்வமாரி. "ஒரு காப்பி போடத் தெரியாம வீட்டைக் கொளுத்தப் பாக்கீங்களே."

போனில் மகளைக் கேட்டான். தூள் கொரகொரப்பாக இருக்க வேண்டும், சிக்கரி கூடாது என்று அவள் சொன்னாள். மார்க்கெட்டில் பூவனநாதன் காப்பிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கிறார். லிங்கராஜை என் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, சிக்கரி இல்லாம, ரவை மாதிரி அரைச்சுத் தாங்க."

"ரவை வேணும்னா பக்கத்துல மளிகைக் கடை இருக்கு" என்றார் பூவனநாதன்.

"சொல்லுதத கேளுங்க அண்ணாச்சி. மிஷினைக் கொஞ்சம் தளத்தி விட்டா..."

"ஒமக்காக மிஷினைத் தளத்துவேன். பெறவு அதை மறுபடி இறுக்கி நைசுக்குக் கொண்டு வாறதுக்குள்ள எங்கடையில நிக்கவன் பூரா எதுத்த கடைக்குப் போயிருவான். கொட்டையா வாங்கிட்டுப் போவும். வீட்ல கோழிக்கு அரைக்க மாதிரி எப்படியோ அரைச்சுக்கிடும்."

கோபத்தில் சொன்னார். ஆனால் லிங்கராஜ் கொட்டையாகவே வாங்கிக்கொண்டான்.

மிக்ஸியில் அடித்துப் பார்த்தான். பாதி கல்லும் பாதி மாவுமாக வந்தது. கல்லில் சாரம் இறங்கவில்லை, மாவு சல்லடையை அடைத்தது. குடித்தால் ஒரே வாயில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தது. இரும்பு உலக்கை போட்டு இடித்தான். அதுவும் அப்படித்தான். பிறகு ஒருநாள், செல்வமாரி உளுந்து உடைக்கிற திருகைக் கல்லை இழுத்து வந்தான். அதில் அரைத்தால் எல்லாம் ஒரே அளவாக விழுந்தது. ஆனால் நைசாக விழுந்தது.

பட்டறைக்கு வந்தான். "அண்ணாச்சி, மேல்கல்லு அச்சுல உக்காந்துருக்குல்லா. அதை ஒரு நூல் தூக்கிவிட்டா கொரகொரன்னு வருமா?"

புது வாஷர் ஒன்றை எடுத்துப் பழந்துணியால் துடைத்துக் கொடுத்தேன். அச்சில் வாஷரைப் போட்டு மேல்கல்லை வைத்துச் சுற்றினான். சோளக் குருணை மாதிரி விழுந்தது. வாஷர் போட்டும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்தது. அதைச் செல்வமாரி மாவு சலிக்கிற சல்லடையில் தட்டி நீக்கினான். அடுத்த நாள் அவள் அந்தக் கல்லில் உளுந்து உடைத்துக் கஞ்சி வைத்தாள். கஞ்சி காப்பி மணத்தது. அந்தச் சண்டையை இங்கே எழுத வேண்டாம். ஒரு பழைய திருகையை ஊரிலிருந்து அவன் தனக்கென்று கொண்டுவந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

இப்போது கம்பி லேசாக இறங்கியது. ஆனால் குடித்தால் செத்த ருசி. என்னைக் குடிக்கச் சொன்னான். குடித்துவிட்டு, "போர்த் தண்ணி உப்புல்லா" என்றேன். எங்கள் ஊரில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் போர்த்தண்ணீர், அது உப்பு. குடிக்கிறதுக்கு நல்ல தண்ணீர் தனி. நல்ல தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று பிறந்ததிலிருந்து அடித்துச் சொல்லி வளர்த்ததால், பழகுகிற காப்பிக்கு எதற்கு என்று போர்த்தண்ணீரையே இத்தனை நாளும் ஊற்றியிருக்கிறான். எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி போகாது. நல்ல தண்ணீரில் போட்டான். பல்லுக்குப் பின்னால் இருந்த அந்தத் துவர்ப்பு போயிற்று.

பிறகும் ஒவ்வொன்றாகப் பிடித்தான். வெந்நீர் தளபுளவென்று கொதிக்கும்போதே ஊற்றினால் கருகின மாதிரி கசக்கிறது. இறக்கி வைத்து, கொப்புளம் அடங்கினபின் ஊற்ற வேண்டும். ஜாடியை முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஊறலிலேயே ஆறிவிடும். முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் ஊற்றினால் குபுகுபுவென்று பொங்கும்; அது அடங்கின பிறகு மீதியை ஊற்ற வேண்டும். கம்பியைப் பலத்தால் அமுக்கக் கூடாது, கையின் கனத்தால் இறக்க வேண்டும். இறக்கின காப்பியை உடனே டம்ளருக்கு மாற்ற வேண்டும். ஜாடியிலேயே விட்டால் அடியில் இருக்கிற தூள் கசப்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். சல்லடைத் தகட்டைக் கழற்றிக் கழுவாவிட்டால் நேற்றைய எண்ணெய்ச் சிக்கு இன்றைய காப்பியில் நாறும். ஒன்றைத் திருத்துகிறபோது வேறு எதையும் மாற்ற மாட்டான். வண்டியில் ரிப்பேர் தேடுகிற மாதிரிதான்.

ஊற எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்கு அவன் கடிகாரம் பார்க்கவில்லை. வெந்நீரை ஊற்றி மூடிவிட்டு, காலில் கட்டைப் பிரிப்பான். புண்ணை மருந்துத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைப்பான். துடைத்து முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் காப்பி தயார். மருந்து வைத்துக் கட்டும் வரை விட்டால் கசந்துவிடும். ஆகவே முதலில் காப்பியை இறக்கி ஊற்றிவிட்டு, பிறகு கட்டுப் போட்டு, அதற்குப் பிறகுதான் குடிப்பான். இதில் ஒரு நன்மை உண்டு. காப்பி வேண்டும் என்றால் புண்ணைக் கழுவியே ஆக வேண்டும்.

ஒருநாள் காலையில் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். பால் ஊற்றாத ஒன்றைக் காப்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடித்தேன். கசக்கத்தான் செய்தது. ஆனால் நாக்கைத் திட்டவில்லை. விழுங்கின பிறகு ஒரு மணம் தொண்டையில் நின்றது.

"எப்படி?"

"குடிக்கலாம்" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்ததை நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

இதில் செல்வமாரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் பாலில்லாத காப்பிக்கு ஒரு வேலைதான். ஒரு வீட்டில் சாவு, எங்கள் பேச்சில் துஷ்டி, விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கடுங்காப்பி போட்டு வாளியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை நல்ல வீட்டில் தினம் காலையில் போட்டால் எதையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. அதனால் வீட்டுக்குள் கூடாது என்றாள். அவன் கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் பம்பையும் திருகையையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். வெயிலோ தூறலோ, அங்கேதான்.

முக்குக் கடைப் பக்கம் போகவில்லை. புண் சுருங்கிக்கொண்டு வந்தது. ஆனால் மூடவில்லை. டாக்டரம்மா மறுபடி வரச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சத்யபிரியாவுக்கு ஒரு இடம் அமைந்தது. பையன் மணிராஜ், கோயம்புத்தூரில்தான் வேலை, இவளுக்கும் தெரிந்த பையன். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. வீடு கழுகுமலை. பையனின் அப்பா சௌந்தரபாண்டியன் சின்னதாகத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்து நடத்துகிறவர். பெண் பார்த்துப் போய்விட்டார்கள். நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும்.

வீடு பார்க்கப் போகிறதில் ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் போய் உட்காருவார்கள், வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், பேசுவார்கள். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு வாய் காப்பியாவது குடிக்க வேண்டும். பெண்ணின் அப்பா கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. குடிக்காமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லத் தேவையில்லை.

வேனில் கிளம்பினோம். அவன் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது.

"அது என்னதுல?"

"பம்பு."

"ஏலே, சம்பந்தி வீட்டுக்கா?"

"காப்பி குடுப்பாங்கள்ல அண்ணாச்சி. பெறவு என்ன செய்ய?" என்றான்.

செல்வமாரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்ல மனுஷர்கள். நல்ல வீடு. சுற்றிப் பார்த்தோம், பேசினோம். லிங்கராஜ் முகத்திலேயே சம்மதம் தெரிந்தது. சௌந்தரபாண்டியனின் அக்கா முத்துமாரியம்மாள் தட்டில் டம்ளர்களோடு வந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. கருப்பட்டிக் காப்பி, கெட்டிப் பால். வாசனை கூடம் முழுவதும் நிறைந்தது. லிங்கராஜின் தொண்டை ஏறி இறங்கியதைப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க மைனி. எனக்கு இது ஆகாது. சுகரு."

"அதுக்குத்தான் சீனி போடலையே. அம்புட்டும் கருப்பட்டி. கருப்பட்டி சுகருக்கு நல்லதுல்லா!"

"இல்ல மைனி. அதுவும் சீனிதான்."

"யாரு சொன்னது? எங்கய்யா கருப்பட்டி தின்னே தொண்ணூறு வருஷம் இருந்தாரு. சும்மா குடிங்க."

எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். கை முழங்காலில் இருந்தது, அசையவில்லை. நான் காதில் சொன்னேன்: "ஒரு வாய் குடிச்சிட்டு வையேம்ல." செல்வமாரியும் மெல்லச் சொன்னாள்: "ஒரு மடக்குதானங்க. பிள்ளைக்காக."

அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு மடக்கோட நிக்கிற ஆளா நானு? ஒனக்குமா தெரியாது?"

சௌந்தரபாண்டியன் முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிரலாம் அண்ணாச்சி. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

"ஐயோ, எனக்கு முழுச் சம்மதம்" என்று லிங்கராஜ் எழுந்தே விட்டான். பையிலிருந்து ஜாடியை எடுத்தான். "ஒங்க வீட்டு அடுப்புல, ஒங்க வீட்டுத் தண்ணி ஒரு செம்பு கொதிக்க வச்சுத் தாங்க. தூளு இருக்கு. இங்கனயே போட்டு, ஒங்க முன்னாலயே முழுசும் குடிக்கேன்."

முத்துமாரியம்மாளுக்கு அது என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "கடுங்காப்பியா? நல்ல காரியம் பேச வந்த எடத்துலயா? ஏ தம்பி, நான் சம்மதிக்க மாட்டேன். நம்ம வீட்டு அடுப்புல அது ஏறாது."

செல்வமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எத்தனையோ தடவை சொன்ன அதே பேச்சு.

லிங்கராஜ் குரலை உயர்த்தவில்லை. ஜாடியையும் கீழே வைக்கவில்லை. "கடுங்காப்பி எந்த வீட்டுக் காப்பின்னு எனக்கும் தெரியும் மைனி. அந்தத் துஷ்டி எங்க வீட்ல விழக்கூடாதுன்னுதான் இதைக் குடிக்கேன். எம்மக கல்யாணத்துல ரெண்டு காலும் ஊனி நிக்கணும்னு குடிக்கேன். இன்னைக்கு உங்களுக்காக அந்தக் கருப்பட்டிக் காப்பியைக் குடிச்சா நாளைக்கு எனக்காகக் குடிப்பேன். பெறவு என்னால நிறுத்த முடியாது. நான் அப்படிப்பட்ட ஆளு."

சௌந்தரபாண்டியன் அவன் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். பிறகு, "அக்கா, அடுப்புல தண்ணி வையி" என்றார்.

முத்துமாரியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார். "வைக்கேன். ஆனா அந்தச் சாமான் மொட்டையா இந்த வீட்ல எறங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பூஜை அறைக்குப் போனார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்து, ஜாடியின் வயிற்றில் மூன்று பொட்டு வைத்தார். கைப்பிடிக்கும் ஒன்று. "இப்ப போடுங்க. இது மங்கலக் காப்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெந்நீர் வந்தது. கொப்புளம் அடங்கும்வரை காத்திருந்தான். ஜாடியை அலசினான், தூளைப் போட்டான், நனைத்தான், பொங்கி அடங்கவிட்டு மீதியை ஊற்றினான். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். புண்ணைக் கழுவ அங்கே கட்டைப் பிரிக்க முடியாது. எப்போது போதும் என்று தெரிய, மனசுக்குள்ளேயே கழுவிக்கொண்டிருந்தான் போல, உதடு மட்டும் அசைந்தது. கூடமே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, கெணத்துக்கு மோட்டார் எறக்குதீங்களோ?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கூடம் சிரித்தது. சௌந்தரபாண்டியனும் சிரித்துவிட்டார்.

மெதுவாக இறக்கினான். அந்த வீட்டு டம்ளரில் ஊற்றினான். ஒரு வாய் குடித்தான், நிறுத்தினான், புருவத்தைச் சுருக்கினான். மறுபடி ஒரு வாய்.

"ஒங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுத் தண்ணியைவிட நல்லாருக்கு சம்பந்தி" என்றான். "தூளு அதேதான். ருசி கூடியிருக்கு."

கரிசல் பூமியில் தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். வீட்டைப் பார்க்கிறதற்கு முன்னால் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற ஊர் எங்கள் ஊர். பெண்ணின் அப்பன் வாயால் உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு சம்மதம் கிடையாது. முத்துமாரியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "சீவலப்பேரி ஆத்துத் தண்ணியாக்கும். நான் நின்னு புடிச்சு வச்சது" என்றார். கல்யாண மாதம் எது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு வைத்த கருப்பட்டிக் காப்பியை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விளக்கை இழுத்துப் பிடித்து, அழுத்திப் பார்த்தார். சுற்றிலும் தோல் வந்து நடுவில் ஒரு மிளகு அளவுதான் பாக்கி இருந்தது. ரத்தச் சோதனைத் தாளையும் பார்த்தார்.

"இனிப்பை நிறுத்திட்டீங்க போலயே."

"ஆமாம்மா."

"நிறுத்துதேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க எப்படி நிறுத்துனீங்க?"

அவன் திருகை, வாஷர், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் போனான். டாக்டரம்மாவுக்கு வெளியே வரிசை நின்றது. "சரி, எதுவோ. விட்டுராதீங்க. விரல் இருக்கட்டும்" என்றார். செல்வமாரி அங்கேயே நின்று அழுதாள். அவன், "அழாதட்டி, இன்னும் மூடலை" என்றான். மூட மேலும் ஒரு மாதம் பிடித்தது. அதுவரை முதலாளி எத்தனை தடவை ஆள் அனுப்பியும் வண்டியில் ஏறவில்லை.

பிறகு ஏறினான். கண்ணாடி ஜாடி லாரிக் குலுக்கலுக்கு நிற்காது என்று, அதே மாதிரி எவர்சில்வரில் ஒன்று மகளிடம் சொல்லி வாங்கிக்கொண்டான். அது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டோடு கிடக்கிறது. ரோட்டோரக் கடையில் நிறுத்தி வெந்நீர் மட்டும் வாங்குகிறான். கடைக்காரர்கள் முறைக்கிறார்களாம். முறைக்கட்டும்.

முதல் லோடு கிளம்பின காலை, வண்டி என் பட்டறை வாசலில் நின்றது. தார்ப்பாய் இறுக்கியாகிவிட்டது, கிளீனர் ஏறியாகிவிட்டது. லிங்கராஜ் மட்டும் படியில் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றினான். என் பட்டறையில் உடைந்து கிடந்த லாரி சைடு கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தான். வெளிச்சம் படும்படி திருப்பித் திருப்பி, விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான்.

"இருடே. பாத்துட்டுத்தான் வருவேன்" என்றான் லிங்கராஜ்.

முழுசாகப் பார்த்து முடித்துவிட்டு, செருப்பைப் போட்டு, ஏறி, கிளட்ச்சை மிதித்தான்.